லாரி திரும்புகிற இடம்

ஆர்ஹுஸ், டென்மார்க்
11 ஜூன் 2006

அன்புள்ள அக்கா செனாய்தாவுக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? லிமாவில் தூறல் பிடித்திருக்கும். அம்மாவை ஈரத்தில் படியிறங்க விடாதே. இங்கே நேர்மாறு, சூரியன் போகவே மாட்டேன் என்கிறது. தூங்க ஜன்னலுக்குப் போர்வை கட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு சந்தோஷமான செய்தி. எங்கள் பல்கலைக்கழகம் வருடாவருடம் ஏதாவது ஒரு நாட்டில் மாணவர் பட்டறை நடத்தும். இங்கிருந்து வடிவமைப்பு மாணவர்கள் போவார்கள், அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்து மாணவர்களும் சேர்ந்துகொள்வார்கள். இரண்டு வாரத்தில் ஒரு குடியிருப்புக்குத் தேவையான எதையாவது வரைந்து, கட்டியும் கொடுத்துவிட்டு வருவார்கள். இந்த ஆகஸ்டில் லிமா. அதிலும் நம் சேர்ரோ பெலாதோ! பட்டியலில் பல மலைகள் இருந்தன, எப்படியோ நம்முடையது அமைந்துவிட்டது.

நான் வர முடியாது. உதவித்தொகையில் படிப்பவனுக்கு இதற்கெல்லாம் டிக்கெட் கிடையாது. முடிக்க வேண்டிய பாடங்களும் இருக்கின்றன.

ஒரு விஷயம். அவர்களிடம் என் பெயரை எடுக்க வேண்டாம். சொந்தக்காரன் இருக்கிறான் என்று தெரிந்தால் சிபாரிசு என்று பேச்சு வரும், மலையையே மாற்றிவிடுவார்கள். அம்மாவிடமும் சொல்லிவை. பேராசிரியர் பிர்கிட்டே ரொம்ப நல்லவர். தேவைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு முத்தங்கள்.

உன் தம்பி,
யூரி


சேர்ரோ பெலாதோ, லிமா
2 ஜூலை 2006

என் யூரிக்கு,

கடிதம் வந்தது. கர்த்தர் புண்ணியத்தில் நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. போனில் உன்னைப் பிடித்தால் அம்மா அழுதே அட்டை தீர்ந்துபோகிறது, அதனால் இனியும் எழுதுகிறேன்.

பட்டறை என்றதும் சமையற்கூடத்தில் தோமித்திலா, "வெல்டிங் பட்டறையா? அப்ப நம்ம பெரிய சட்டிக்கு ஒரு பிடி வெச்சுத் தரச் சொல்லு" என்றாள். நான் விளக்கியதும் சமையற்கூடத்துப் பெண்கள் எல்லோரும் கூடிப் பேசினோம். இரண்டே விஷயம். ஒன்று, சமையற்கூடத்துக்குக் கூரை. போன வருடத்துப் பிளாஸ்டிக் விரிப்பு கிழிந்து, பருப்பில் தூறல் விழுகிறது. ஊரே சாப்பிடுகிற சட்டி அது. இரண்டாவது, பின்பக்கச் சரிவுக்கு ஒரு தடுப்புச் சுவர். கல் உருண்டால் முதலில் சாவது அடுப்புக்கு முன்னால் நிற்கிறவள்தான்.

உன் பெயரைச் சொல்லக் கூடாது என்றதும் அம்மாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "என் புள்ள பேரைச் சொன்னா மலை கெட்டுப்போயிடுமா?" என்று கேட்டாள். சட்டம் அப்படியாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரி, வாயை மூடிக்கொள்கிறோம். நீ படிப்பை முடி, சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

உன் அக்கா,
செனாய்தா


சேர்ரோ பெலாதோ, லிமா
20 ஆகஸ்ட் 2006

யூரி,

நலமா? போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. பரீட்சை என்று நினைத்துக்கொள்கிறோம்.

வந்துவிட்டார்கள். ஒரு வாரமாகிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறார்கள், நாய்களைக் கட்டிப்பிடிக்கிறார்கள், தெள்ளுப்பூச்சி கடித்துச் சொறிந்துகொள்கிறார்கள். லிமாப் பணக்காரப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள்தான் பூட்ஸில் சேறு ஒட்டும்போதெல்லாம் எங்களைப் பார்க்கிறார்கள், நாங்கள்தான் மழை பெய்வித்த மாதிரி. எல்லோருக்கும் எல்லாப் பெண்களும் 'செஞோரா'. செஞோரா இங்கே பாருங்க, செஞோரா அங்கே நில்லுங்க. ஒருத்திக்கும் பெயர் கிடையாது.

முதல் நாள் எங்களை வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கொரு கலர் தாள் கொடுத்தார்கள். "உங்க கனவை எழுதுங்க செஞோரா" என்றான் கொன்சாலோ என்று ஒருத்தன், கறுப்புக் கண்ணாடிக்காரன். சூரியனே இல்லாத ஊரில் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி.

தோமித்திலா எழுந்து, "கனவெல்லாம் தூங்கறவங்களுக்குத் தம்பி. எங்களுக்குக் கூரையும் சுவரும் வேணும்" என்றாள்.

"அது சரி செஞோரா, ஆனா அதுக்கும் அப்பால யோசிங்க. இந்த மலை உங்களுக்கு என்ன உணர்வைத் தருது?"

"முட்டிவலி" என்றாள் அம்மா.

சிரித்தார்கள், அதையும் எழுதிக்கொண்டார்கள். நாங்கள் எல்லாத் தாளிலும் கூரை, சுவர், கூரை, சுவர் என்றே எழுதிக் கொடுத்தோம். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதினேன். அவர்கள் அதையெல்லாம் ஒரு பலகையில் ஒட்டி, தூர நின்று பார்த்து, "பாதுகாப்பு, கூடுகை" என்று பேசிக்கொண்டார்கள். அதற்கு என்ன அர்த்தமென்று உனக்குத் தெரிந்திருக்கும். நாளை மரம் வந்து இறங்குகிறது. கூரையாகத்தான் இருக்கும் என்று அம்மா சட்டியைக்கூட நகர்த்தி வைத்துவிட்டாள்.

நல்லபடியாக முடியட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

செனாய்தா


சேர்ரோ பெலாதோ
3 செப்டம்பர் 2006

யூரி,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் வயிற்றுவலி சரியாகிவிட்டதா என்று மட்டும் கேட்கிறேன்.

முதலில் அந்த மரத்தின் கதையைக் கேள். அது கூரையாகவில்லை. எலாதியோவின் தண்ணீர் லாரி திரும்புகிற மேட்டைத் தெரியுமல்லவா? தெரியாமல் இருக்குமா, உன் பத்து வயதில் நீயும் நானும் அங்கேதான் பீப்பாய் வைத்துக் காவல் காப்போம். மலையிலேயே அது ஒன்றுதான் சமதளம். அங்கே குழி தோண்டிக் கான்கிரீட் போட்டு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். படிக்கட்டு மாதிரி இருக்கைகள், மேலே சும்மா கம்புகள், கூரை கிடையாது. நகரத்தைப் பார்த்துக்கொண்டு 'உரையாட' வேண்டுமாம்.

தோண்டும்போதே போய்ச் சொன்னேன். "இங்க லாரி திரும்பணும் டீச்சர். இதை அடைச்சா மேல தண்ணி வராது."

பிர்கிட்டே கையை நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டாள், கொன்சாலோ மொழிபெயர்த்தான். என்ன மொழிபெயர்த்தானோ! "லாரி பின்னாலேயே இறங்கலாமே செஞோரா" என்று பதில் வந்தது. சேற்றில், அந்தச் சரிவில், தண்ணீர் நிரம்பிய லாரியைப் பின்னால் இறக்கச் சொல்கிறான்! எலாதியோவிடம் சொன்னேன். "என் பொண்டாட்டி விதவையாகணும்னு ஆசைப்படறாங்களா?" என்றான். கீழ் வளைவோடு நின்றுவிட்டான். அன்றிலிருந்து நாங்கள் வாளியில் சுமக்கிறோம்.

இனி உன் கதைக்கு வருகிறேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், சிக்னே என்கிற பெண் சமையற்கூடத்துக்கு வந்தாள். செம்பட்டை முடி, நல்ல மனசு, அரைகுறை ஸ்பானிஷ். உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். "உங்க மலை முழுக்க எனக்கு முன்னாடியே தெரியும் செஞோரா" என்றாள். "எங்க நண்பன் அட்டையில இந்த மலையைச் செஞ்சிருக்கான். ஒவ்வொரு வீடும் அச்சு அசல். இந்த மலையைச் சொன்னதே அவன்தான். பாவம், வந்த நாள்லேருந்து வயித்துவலி, ஓட்டலை விட்டே வரல. அவனும் உங்க நாட்டுக்காரன்தான். யூரின்னு பேரு."

கத்தியைக் கீழே வைத்தேன். எந்த ஊர்க்காரன் என்று கேட்டேன்.

"லிமாதான். கடலோரமா வீடாம். அப்பா டாக்டர். அம்மா பியானோ சொல்லிக்குடுப்பாங்களாம்."

அப்படியா! நம் அம்மா பியானோ வாசிப்பாளா? இத்தனை வருடம் பக்கத்தில் படுக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! நம்மை விட்டு ஓடிப்போன அப்பன் இவ்வளவு சீக்கிரம் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டானா?

சிக்னேயிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உனக்காக அல்ல. அந்தப் பெண் முன்னால் எனக்கு அவமானமாக இருந்தது. விழா முடிந்ததும் மறுநாள் ஓட்டலுக்குப் போனேன். விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டீர்கள் என்றார்கள்.

டிக்கெட் இல்லை என்று எழுதினாய். மலை 'எப்படியோ அமைந்தது' என்று எழுதினாய். மலையை அட்டையில் செய்தவனுக்கு லாரி எங்கே திரும்பும் என்று தெரியாதா? அந்தச் சமதளத்தைக் காலி இடம் என்று அவர்கள் முடிவு செய்தபோது நீ எங்கே இருந்தாய்? ஓட்டலிலா, அவர்களோடு மேஜையிலா?

அம்மாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

செனாய்தா


ஆர்ஹுஸ்
22 செப்டம்பர் 2006

அன்புள்ள அக்கா,

நான் நலம். உன் கோபம் புரிகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படி.

ஆமாம், லிமாவுக்கு வந்தேன். கடைசி நேரத்தில் டிக்கெட் ஏற்பாடானது, எழுத அவகாசமில்லை. வந்ததும் உடம்பு சரியில்லை, அதுவும் உண்மை. அந்த அட்டை மாதிரியைச் செய்கிற வேலையும் என் தலையில் இருந்தது. வீட்டைப் பற்றி சிக்னே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. இங்கே வந்த புதிதில் யாரோ கேட்டார்கள், ஏதோ பேச்சுக்குச் சொன்னது. அவளுக்கு ஸ்பானிஷ் சரியாக வராது.

மேடை விஷயம் தனி. அது இருபது பேர் சேர்ந்து எடுத்த முடிவு. நான் ஒருத்தன் சொல்லி நிறுத்தக் கூடியது அல்ல. சொல்லியிருந்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். எலாதியோவுக்குக் கீழ் வளைவிலிருந்து நீளமான ரப்பர் குழாய் போட முடியாதா? யோசித்துப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். நவம்பரில் இங்கே கண்காட்சி. பல நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வருகிறார்கள். என் படிப்பு நீட்டிப்பும் அதை வைத்துத்தான் முடிவாகும். அதுவரைக்கும் மேடையைத் தொடாதீர்கள். லிமா மாணவர்கள் வந்து இன்னொரு முறை படம் எடுப்பார்கள். நவம்பருக்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

அம்மா ஏதாவது சொன்னாளா?

தோமித்திலாவுக்கும் மற்றவர்களுக்கும் என் அன்பு.

யூரி


சேர்ரோ பெலாதோ
8 அக்டோபர் 2006

யூரி,

நலம் விசாரிக்கிற வழக்கம் இருக்கிறது, அதனால் விசாரிக்கிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய். தோமித்திலா நலமில்லை.

போன செவ்வாய்க்கிழமை வாளியோடு ஏறும்போது வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நாலு பேர் போர்வையில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, நடைபாதையில் தள்ளுவண்டியில் கிடக்கிறாள். உன் அன்பைச் சொல்லச் சொன்னாய். போய்ச் சொன்னேன். "யாரு, அந்தப் பையனா? நல்லா படிக்கறானா?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

ரப்பர் குழாய் என்று எழுதியிருக்கிறாய். தண்ணீர் மேல்நோக்கி ஏறுமென்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களா?

அவள் விழுந்த அன்று மதியம் சமையற்கூடத்தில் எனக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அம்மா இருக்கிறாள் என்பதையே மறந்து உன்னைத் திட்டினேன். "இங்க ஒருத்தி இடுப்பு ஒடிஞ்சு கிடக்கா. அவன் லிமாவுக்கே வந்து, ஓட்டல்ல வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்திருக்கான்!"

அம்மா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ஓட்டல்ல இல்ல" என்றாள். "கடைசி நாள் வேன்ல இருந்தான்."

என்னம்மா சொல்கிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. விழா அன்று கொன்சாலோ வந்து, கீழே வேனில் ஒரு பையனுக்கு வயிறு சரியில்லை, சூடாக ஏதாவது கிடைக்குமா செஞோரா என்று கேட்டானாம். அம்மா வயிற்றுக்கு நல்லதென்று முஞா இலை போட்டுக் காய்ச்சி, அந்த முழங்காலோடு, கோப்பையைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். யாரோ பெற்ற பிள்ளை, வந்த இடத்தில் வலியோடு கிடக்கிறதே என்று. கொன்சாலோ கூடவே போயிருக்கிறான். வேன் கதவைத் திறந்தால் நீ.

"என்னைப் பாத்தான்" என்றாள் அம்மா. "கோப்பையை வாங்கினான். 'ரொம்ப நன்றி, செஞோரா'ன்னான்."

"நீ என்னம்மா சொன்னே?"

"சூடா இருக்கு, மெதுவாக் குடிங்க தம்பின்னேன். பக்கத்துல அந்தக் கண்ணாடிக்காரன் நின்னான். நம்ம புள்ள குடிச்சு முடிக்கற வரைக்கும் நின்னு கோப்பையை வாங்கிட்டு வந்தேன். அது கூடத்துக் கோப்பை, விட்டுட்டு வர முடியாதே."

யூரி, ஒரு மாதத்துக்கு மேலாக அம்மா இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து வாளி சுமந்திருக்கிறாள். நான் அவளுக்குத் தெரியக் கூடாதென்று மறைத்தேன், அவள் எனக்குத் தெரியக் கூடாதென்று மறைத்தாள். நீ என்னடாவென்றால் 'அம்மா ஏதாவது சொன்னாளா' என்று எழுதுகிறாய்! வேவு பார்க்கிறாய். உன் அக்கா கையாலேயே வேவு பார்க்கிறாய்.

அடுத்த நாள் காலையில் பெண்கள் எல்லோரும் மேடைக்குப் போனோம். யாரும் கூட்டம் போடவில்லை, கலர் தாளில் எழுதவில்லை. அந்தத் திருகாணிகளுக்கு நம் ஊர் ஸ்பேனர் எதுவும் பொருந்தவில்லை, கடப்பாரையால் பெயர்த்தோம். எலாதியோ கீழேயிருந்து சங்கிலி கொண்டுவந்து கான்கிரீட்டை லாரியில் கட்டி இழுத்தான். இழுத்த வேகத்தில் அவன் முன்பக்க விளக்கு உடைந்தது, அதற்கும் அவன் எங்களைத் திட்டவில்லை. மரமெல்லாம் இப்போது சமையற்கூடத்தின் மேல் இருக்கிறது. ஆரஞ்சுக் கூரை. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. பருப்பில் மழை விழவில்லை.

படம் எடுக்க இரண்டு லிமாப் பிள்ளைகள் நேற்று வந்தார்கள். "இது ஒரு படைப்பு செஞோரா, இதை அழிக்க உங்களுக்கு உரிமை கிடையாது" என்றாள் ஒரு பெண். நான் ஆஸ்பத்திரி முகவரியைச் சொல்லி, உரிமையைப் பற்றி அங்கே போய் தோமித்திலாவிடம் பேசு என்றேன். நகராட்சியில் புகார் கொடுப்பார்களாம். கொடுக்கட்டும்.

உன் நவம்பரை நாங்கள் கெடுத்துவிட்டோம். இன்னொரு தடவை வாய்ப்புக் கிடைத்தால் இன்னும் சீக்கிரமாகக் கெடுப்போம்.

செனாய்தா


சேர்ரோ பெலாதோ
5 நவம்பர் 2006

யூரி,

பதில் இல்லை. நீ செத்துப்போயிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள், அதனால் உயிரோடு இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

தோமித்திலாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. இனிமேல் சட்டி தூக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாரி மேலே வருகிறது. அம்மா உன் பெயரை எடுப்பதில்லை.

செ.


ஆர்ஹுஸ்
21 நவம்பர் 2006

அன்புள்ள அக்கா,

இதை நாலு முறை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். தோமித்திலா சீக்கிரம் நடக்க வேண்டும். இதை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரியும்.

கண்காட்சி நடந்தது. மேடை இப்போது இல்லை என்று எங்கேயும் சொல்லவில்லை. பழைய படங்களையே பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். வாசலிலேயே ஆள் உயரத்துக்கு ஒரு படம். அம்மா கிழங்கு உரிக்கிறாள். அடியில் 'ஒரு குடியிருப்பாளர்' என்று எழுதியிருந்தது. அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒயின் கோப்பையோடு அம்மாவின் கைக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள்.

மாதிரியைப் பற்றிப் பேசச் சொல்லி பிர்கிட்டே என்னைக் கூப்பிட்டார். எழுதி வைத்திருந்ததைப் படிக்கப் போனேன். வாயில் வந்தது வேறு. "அந்தப் படத்துல இருக்கறது என் அம்மா" என்றேன். "நான் அந்த மலைல பொறந்தவன். டாக்டர் அப்பா, பியானோ அம்மா எல்லாம் பொய். நீங்க மேடை கட்டின இடத்துல தண்ணி லாரி திரும்பும். எனக்குத் தெரியும். நான் சொல்லல. வாளி சுமந்து ஒரு பொம்பளைக்கு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. மேடை இப்ப அங்க இல்ல, பிரிச்சுட்டாங்க."

அடிப்பார்கள், வெளியே போ என்பார்கள் என்று காத்திருந்தேன். கை தட்டினார்கள், அக்கா. எல்லோரும் கை தட்டினார்கள். பிர்கிட்டே அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார். சிக்னே மட்டும் தட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் போனால் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் என் படம். 'மலையின் மகன்' என்று தலைப்பு. மூன்று நகரங்களில் வந்து இதே மாதிரி பேச முடியுமா என்று கேட்டார்கள். நீட்டிப்பும் உறுதியாகிவிட்டது. தோமித்திலாவுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "தோல்வியும் ஒரு பாடம்தான் யூரி. அடுத்த வருஷம் அதே மலைக்குத் திரும்பப் போறோம், இன்னும் கவனமா கேப்போம்" என்றார் பிர்கிட்டே. அவர் கெட்டவர் இல்லை, அக்கா. அதுதான் என்னைப் பைத்தியமாக்குகிறது.

என் படத்தை எல்லோர் முன்னாலும் கிழித்தேன். அம்மாவின் படத்தை இறக்கச் சொன்னேன். முடியாது என்றார்கள், நானே சட்டத்தோடு பெயர்த்து எடுத்துவந்துவிட்டேன். இப்போது என் அறையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை.

எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம். கிறிஸ்துமஸுக்குள் கிளம்பி வருகிறேன். வாளி சுமக்கிறேன், கல் உடைக்கிறேன், நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன். அன்று வேனில் ஏன் உட்கார்ந்திருந்தேன் என்றால், மலையைப் பார்க்காமல் திரும்பிப் போக முடியவில்லை. இறங்கி ஏறவும் முடியவில்லை. அம்மா கதவைத் திறப்பாள் என்று நினைக்கவில்லை.

அம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்.

யூரி


சேர்ரோ பெலாதோ
10 டிசம்பர் 2006

யூரி,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை முழுவதும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் எதையும் விடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பிறகு பேனாவை எடு என்றாள். கீழே இருப்பதெல்லாம் அம்மா சொன்னது. ஒரு வார்த்தையைக் கூட நான் மாற்றவில்லை. மாற்றினால் கரண்டியால் அடி விழும்.

செனாய்தா

டேய் யூரி,

நல்லா இருக்கியா, சாப்பிடறியா. எனக்கு முட்டி வலிக்குது, மத்தபடி ஒண்ணுமில்ல.

அன்னைக்கு அந்தக் கோப்பையை உன் தலைல ஊத்தியிருக்கணும். ஊத்தல, கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு. வெந்துபோயிருப்பே. அதுக்காகத்தான் ஊத்தல, வேற எதுக்கும் இல்ல.

அத்தனை பேருக்கு முன்னாடி 'என் அம்மா'ன்னு சொன்னியாமே. யாருக்குடா சொன்னே? எனக்கா சொன்னே? நான் அங்க இல்லையே. வேனுக்குப் பக்கத்துல நான் இருந்தேன். ஒயின் குடிக்கறவங்களுக்குச் சொன்னே, அவங்க கை தட்டினாங்க. தட்டாம என்ன செய்வாங்க? அவங்களுக்கு அது கதை.

படிப்பை விட்டுட்டு வரேங்கற. வந்து? என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுவே. அப்ப நான்தான் உனக்குக் கண்ணைத் துடைச்சு விடணும். எனக்கு நேரமில்லடா. தோமித்திலா இடத்துல இப்ப சட்டிக்கு நான் நிக்கறேன். வாளி சுமக்க வரேங்கற. லாரி மேல வருது, வாளி சுமக்க ஆள் வேணாம். எங்களுக்கு வேண்டியிருந்தது அன்னைக்கு அந்த மேஜைல ஒருத்தன் வாயைத் திறக்கறது. அதை நீ செய்யல. அதுக்குப் பதிலா கல் உடைக்கறேன்னு வந்து நின்னா அது யாருக்கு ஆகும்?

அடுத்த வருஷம் அவங்க வராங்களாம். வரட்டும். நீயும் வா. வேன்ல இல்ல, அவங்களுக்கு முன்னாடி நடந்து வா. எங்க தோண்டறதுன்னு கேக்கும்போது, அங்க இல்லடா மடையனுங்களா, இங்கன்னு சொல்லு. சுவர் இன்னும் பாக்கி இருக்கு. அதைக் கட்டத் தெரிஞ்சுக்கிட்டு வா. அதுக்குப் படிக்கணும்னா படி, படிக்க வேணாம்னா அப்ப வா.

என் படத்தைத் திருப்பி வெச்சிருக்கியாமே. என்ன திமிரு. நேராத் திருப்பி வெய்யி. பாக்க முடியலைன்னாலும் பாரு.

எனக்குக் கோவம் தீரல. தீரும்போது தீரும், நீ அவசரப்படுத்தாதே. தோமித்திலாவுக்கும் எல்லாம் சொல்லிட்டோம். அவளுக்கும் தீரல.

இன்னொண்ணு. நீ போன நாள்லேருந்து வந்த கடுதாசி எல்லாமே 'அன்புள்ள அக்கா'ன்னுதான் வருது. அம்மாவுக்கு முத்தம், அம்மாகிட்ட சொல்லு, அம்மா என்ன சொன்னான்னு அவளைத்தான் கேக்கற. இவ என்ன எனக்கும் உனக்கும் நடுவுல தபால்காரியா? எனக்குப் படிக்கத் தெரியாது, தெரியும். இவ படிப்பா. அடுத்தது என் பேருக்கு வரட்டும். பௌஸ்தினான்னு உறை மேல பெரிசா எழுது. தபால்காரன் கீழேருந்து கத்திக் கூப்பிடுவான், நானே இறங்கிப் போய் வாங்கிக்கறேன்.

உன் அம்மா